இரண்டு ராத்திரி முகாம்: மகளை அனுப்பலாமா?

கேள்வி: மேடம், எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமம். மகள் அரசுப் பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து சாரணியர் படையில் இருக்கிறாள். ஜனவரியில் மூன்று நாள் முகாம், கடைசி நாள் ராயக்கோட்டை மலை ஏற்றம் என்று பள்ளியில் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அப்பா கையெழுத்து வேண்டும். அவர் லாரி ஓட்டுகிறார். "அந்த என்சிசி முகாம் விஷயத்துக்கு அப்புறம் எவனை நம்பியும் என் பொண்ணை ராத்திரி வெளியே விட மாட்டேன்" என்கிறார். "வயசுக்கு வந்த பொண்ணுக்கு மலையில என்ன வேலை" என்பது மாமியார் பேச்சு. மகள் இரண்டு நாளாக யாரிடமும் பேசவில்லை. இந்த முகாமால் பின்னாளில் அவளுக்கு என்ன கிடைக்கும்? படிப்பு கெடாதா? அவரிடம் நான் எப்படிப் பேசுவது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் வீட்டுக்காரரின் பயத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது நியாயமான பயம். 2024 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில், என்சிசி (தேசிய மாணவர் படை) முகாம் என்ற பெயரில் மாணவிகளுக்கு நடந்த பாலியல் கொடுமை நம் எல்லோர் வயிற்றையும் கலக்கிய விஷயம். அந்த வாரம் என்னைத் தேடி வந்த பெற்றோர்களில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "இனிமே பிள்ளையை எதுக்குமே அனுப்பக் கூடாதா மேடம்?"

அந்தச் சம்பவத்தை ஒருமுறை நிதானமாக எண்ணிப் பாருங்கள். அது என்சிசி முகாமே இல்லை. என்சிசி அதற்கு அனுமதி கொடுக்கவும் இல்லை. பயிற்சியாளர் என்று வந்தவர் போலி. கொடுமை நடந்த இடம் காடும் இல்லை, மலையும் இல்லை, பள்ளி வளாகம். பிள்ளைகள் சொன்ன பிறகும் மூடி மறைக்கப் பார்த்தார்கள் என்ற புகாரில் பள்ளி முதல்வரும் கைதானார். உன்னை யார் அனுப்பியது, உன் கடிதம் எங்கே என்று ஒருவர் கேட்டிருந்தால் அந்த ஆள் வாசலோடு திரும்பியிருப்பான். அந்தக் கேள்வியை இப்போது நீங்கள் கேட்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். லோடு இல்லாத ஒரு நாளாகப் பார்த்து இரண்டு பேரும் பள்ளிக்குப் போங்கள்.

தலைமை ஆசிரியரிடம் முகாமுக்கான உத்தரவுக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பாரத சாரண சாரணியர் இயக்கத்துக்கு மாவட்டச் செயலர் உண்டு; முகாம் அவர்கள் நடத்துவதா, பள்ளிக் கல்வித் துறைக்குத் தெரியுமா என்பது அந்தக் கடிதத்திலேயே இருக்கும். சாரணியர் படையை நடத்துபவர் கைடு கேப்டன், அவர் பெண். அவரை நேரில் பார்த்துப் பேசுங்கள். ராத்திரி பிள்ளைகள் படுக்கும் இடத்தில் அவரும் படுப்பாரா, கூட எத்தனை ஆசிரியைகள், அந்த வளாகத்தில் இரவில் வேறு ஆண்கள் யார் யார் இருப்பார்கள், கழிப்பறை எவ்வளவு தூரம், நடுராத்திரி ஒரு பிள்ளை எழுந்தால் யாரோடு போவாள், மாதவிலக்கு வந்துவிட்டால் யாரிடம் சொல்வாள், வீட்டுக்கு யார் போனிலிருந்து பேசலாம்: ஒன்றுவிடாமல் கேளுங்கள். நல்ல கேப்டன் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார், அவரே யோசித்து வைத்திருப்பார். "எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று எதிர்க்கேள்வி வந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ராயக்கோட்டை பற்றியும் ஒரு வார்த்தை. துர்க்கம், அதாவது அந்த மலைக்கோட்டை, ஏறுவது பிள்ளைகளுக்கு முடியாத ஏற்றம் இல்லை. 1791ல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பிடித்த கோட்டை அது. மேலே போய் நின்றால் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் வராத வரலாறு கிடைக்கும். ஆனால் நீங்கள் சொல்வது ஜனவரி மாதம். கேழ்வரகு முற்றும் காலத்தில் கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து கிளம்பும் யானைகள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாகச் சானமாவு, ஊடேதுர்க்கம் காடுகள் வரை வந்து போகும் பருவம் அது. வனத்துறையிடம் கேட்டார்களா, எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்குகிறார்கள் என்று கேளுங்கள். இருட்டுவதற்குள் எல்லோரும் கீழே இருக்க வேண்டும். அணைக்கோ ஆற்றுக்கோ போகும் திட்டம் இருந்தால், தண்ணீரில் இறங்க விடுவார்களா என்பதையும் கேளுங்கள். தென்பெண்ணையில் ஒவ்வொரு கோடையிலும் நாம் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம்.

அடுத்தது உங்கள் கேள்வியின் நடுப்பகுதி, பின்னாளில் அவளுக்கு என்ன கிடைக்கும் என்பது. இதற்குப் பதில் சொல்ல என் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1987ல் நான் தர்மபுரியில் ஒன்பதாம் வகுப்பு. தீர்த்தமலை அடிவாரத்தில் முகாம். எங்கள் அணிக்குத் தாமரை என்று பெயர், எட்டுப் பேர், நான் அணித் தலைவி. ஒவ்வொரு அணியும் தன் சமையலைத் தானே செய்ய வேண்டும். தீப்பெட்டி என் பொறுப்பு. அதைச் சீருடைப் பைக்குள் போட்டுக்கொண்டு மலை ஏறினேன், மத்தியானம் பிடித்த மழையில் தீப்பெட்டி கூழாகிவிட்டது. சாயங்காலம் கல் கூட்டி, சுள்ளி அடுக்கி, களிக்கு மாவு எடுத்து வைத்த பிறகுதான் பையில் கையை விட்டேன்.

எங்கள் கேப்டன் பக்கத்தில்தான் நின்றார். அவர் தோள்பையில் இன்னொரு தீப்பெட்டி இருந்தது எனக்கே தெரியும். நீட்டுவார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். "சரி, என்ன செய்யப் போறே?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏழு பேர் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மற்ற அணிகளில் புகை கிளம்பிவிட்டது, அவர்களிடம் போய்க் கேட்க ரோசம் விடவில்லை. கடைசியில் நானும் இன்னொருத்தியும் கேப்டனிடம் சொல்லிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்த ஒரு கொல்லைமேட்டு வீட்டுக்கு நடந்தோம். அந்த வீட்டு அம்மா உடைந்த பானை ஓட்டில் தணலை அள்ளிக் கொடுத்து, மேலே சாம்பலைத் தூவி, "காத்துக்கு மறைச்சுப் புடிச்சுட்டுப் போங்க" என்றார். திரும்பி வரும்போது எங்களுக்கு வழியெல்லாம் அந்தத் தணல்தான் உலகம். எட்டு மணிக்குச் சாப்பிட்டோம். களி அடிப்பிடித்திருந்தது. கேப்டன் திட்டவில்லை, பாராட்டவும் இல்லை. படுக்கப் போகும்போது, "நாளைக்குத் தீப்பெட்டி எங்க இருக்கும்?" என்று கேட்டார்.

பதினொரு வருடம் கழித்து ஒரு ராத்திரி என் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் சரிந்தார். அம்மா அலறினார், தம்பி உறைந்து நின்றான். "நீ ரோட்டுக்கு ஓடி ஏதாவது வண்டியை நிறுத்து. அம்மா, நீ அவர் மாத்திரைப் பையையும் டாக்டர் சீட்டையும் எடு" என்று ஒரு குரல் சொன்னது. அது என் குரல்தான் என்பது ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் எனக்கே உறைத்தது. அப்பா பிழைத்தார். அந்தக் குரலை நான் கல்லூரியில் கற்கவில்லை. அது தீர்த்தமலை அடிவாரத்தில் நனைந்த தீப்பெட்டியோடு நின்ற பதினான்கு வயதுப் பெண்ணின் குரல்.

இத்தனை வருடம் பிள்ளைகளோடும் பெற்றோர்களோடும் உட்கார்ந்து பேசிய பிறகு எனக்குப் புரிந்தது இது. வீட்டில் பிள்ளை ஒரு தவறு செய்தால் நாம் ஒன்று ஓடிப்போய்ச் சரி செய்கிறோம், இல்லாவிட்டால் திட்டுகிறோம். எப்படியானாலும் அந்தத் தவறு பிள்ளையின் கையிலிருந்து நம் கைக்கு வந்துவிடுகிறது. நல்ல முகாமில் தவறு பிள்ளையின் கையிலேயே கொஞ்ச நேரம் இருக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லாத அளவில், பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அரை மணி நேரம்தான். அதற்குள் பிள்ளை தன்னைப் பற்றித் தெரிந்துகொள்வது ஆயுளுக்கும் போதும். சாரணர் இயக்கத்தில் ஆறிலிருந்து எட்டுப் பேர் கொண்ட அணி, அதற்குப் பிள்ளைகளிலிருந்தே ஒரு தலைவர் என்று வைத்திருப்பது இதற்காகத்தான். இந்த இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் இருபது பையன்களோடு முதல் முகாம் போட்டபோது வசதியான வீட்டுப் பையன்களையும் உழைப்பாளி வீட்டுப் பையன்களையும் கலந்துதான் அணி பிரித்தார். அடுப்பு மூட்டும் இடத்தில் யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி எழாது.

உங்கள் மாமியாரிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. இந்த இயக்கம் முதலில் பையன்களுக்கு மட்டும் என்றுதான் தொடங்கியது. 1909ல் லண்டனில் நடந்த அணிவகுப்புக்குச் சில பெண் பிள்ளைகள் தாங்களாகவே வந்து நின்று, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அடுத்த வருடமே பெண்களுக்கென்று தனி இயக்கம் பிறந்தது. நம் நாட்டில் முதல் சாரணர் படை அதே 1909ல் பக்கத்துப் பெங்களூரில் தொடங்கியது, ஆனால் அதில் இந்தியப் பிள்ளைகளுக்கு இடமில்லை. 1916ல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனிச் சங்கம் தொடங்க வேண்டியிருந்தது. உங்கள் மகள் போட்டிருக்கும் அந்த ஸ்கார்ஃப் கேட்டுப் பெற்றது.

பின்னாளைப் பற்றிய ஆராய்ச்சியும் இருக்கிறது. பிரிட்டனில் 1958ல் ஒரே வாரத்தில் பிறந்த பிள்ளைகளை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து கவனித்து வரும் பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அந்தத் தகவல்களை எடின்பரோ, கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி 2016ல் வெளியிட்டார்கள். சுமார் 10,000 பேரில் நாலில் ஒருவருக்கு மேல் சிறு வயதில் சாரண சாரணியராக இருந்தவர்கள். அவர்களுக்கு 50 வயதில் பதற்றமோ மனச்சோர்வு போன்ற கோளாறோ இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவாக இருந்தது. எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொன்று: ஏழை வீட்டில் பிறந்தவர்களுக்கும் வசதியான வீட்டில் பிறந்தவர்களுக்கும் மனநலத்தில் பின்னாளில் வழக்கமாகக் காணும் இடைவெளி, சாரணர்களாக இருந்தவர்களிடம் காணவில்லை. அது அவர்கள் நாடு, அவர்கள் பள்ளி. அப்படியே இங்கே பொருத்த முடியாது. இயல்பாகவே துடிப்பான பிள்ளைகள்தான் இதில் சேர்கிறார்களோ என்ற சந்தேகமும் நியாயமே. ஆனாலும் நான் தினமும் பார்ப்பதோடு இது ஒத்துப்போகிறது.

குர்ட் ஹான் என்ற கல்வியாளர் 1941ல், உலகப் போரின் நடுவே, வேல்ஸ் கடற்கரையில் அபெர்டோவி என்ற ஊரில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். கப்பல்கள் தாக்கப்பட்டு மாலுமிகள் உயிர்காக்கும் படகுகளில் தத்தளித்த காலம். உடம்பில் வலுவுள்ள இளைஞர்கள் செத்துப்போக, வயதானவர்கள் தாக்குப்பிடித்து மீண்டு வருவதாகக் கப்பல் கம்பெனிக்காரர்கள் சொன்னார்களாம். வயதானவர்கள் முன்பே புயலைப் பார்த்தவர்கள், தாங்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அனுபவத்தை இளைஞர்களுக்குச் சின்ன அளவில் முன்கூட்டியே கொடுப்பதற்காக எழுந்த பள்ளி அது. நாம் பிள்ளைகளுக்குச் சத்துணவு பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறோம். சின்னதாக ஒரு புயலைக் கொடுக்கப் பயப்படுகிறோம்.

எல்லா முகாமும் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். முப்பதைத் தாண்டிய ஒருவர் என்னிடம் வருகிறார். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். மாமனார் வீட்டில்கூட ராத்திரி தங்க மாட்டார். பதினோரு வயதில் பள்ளிச் சுற்றுலாவில் பாயில் சிறுநீர் போய்விட்டது. கூட வந்த ஆசிரியர் காலையில் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லிச் சிரித்தார். நடந்தது அவ்வளவுதான், இருபது வருடமாகியும் ஆறவில்லை. தணல் தேடிப் போக விட்ட கேப்டனும் ஒரு பெரியவர், இவரும் ஒரு பெரியவர். முகாமின் தரம் கூடாரத்திலோ மலையின் உயரத்திலோ இல்லை என்பதால்தான் கேப்டனை நேரில் போய்ப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அவர் படையில் முன்பு இருந்த அக்காக்கள் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் அவர்களிடமும் விசாரியுங்கள்.

படிப்பு கெடாது. மூன்று நாள் பாடத்தைத் தோழி நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். வேலைக்கு உதவுமா என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டால், ரயில்வேயில் சாரண சாரணியருக்கென்று ஒதுக்கீடு உண்டு என்று சொல்லலாம். பிரவேஷ், சோபான் என்ற படிநிலைத் தேர்வுகள் எல்லாம் தாண்டி, ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருதும் முடித்து, குடியரசுத் தலைவர் விருதுவரை போனவர்கள் விண்ணப்பிக்கலாம். இடங்கள் மிகக் குறைவு. அதை நம்பி மட்டும் அனுப்ப வேண்டாம்.

நான் மிக அக்கறையோடு சொல்ல விரும்புவது வேறு. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பதினாறு, பதினேழு வயதில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது இன்னும் நிற்கவில்லை. என் முன்னால் வந்து உட்காரும் அந்தப் பிள்ளைகள் பலர் "வேண்டாம்" என்ற சொல்லை வீட்டில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. தாங்கள் சொன்னால் எதுவும் மாறும் என்று அவர்கள் பார்த்ததே இல்லை. எட்டுப் பேருக்கு முன்னால் நின்று, "இந்த வழி வேண்டாம், அந்த வழியில் போகலாம்" என்று ஒரு தடவை சொல்லி, அது நடந்ததைப் பார்த்த பெண்ணுக்கு அந்தச் சொல் வாயில் வரும். "வெளியே விடாமல் வைத்திருந்தால் பத்திரம்" என்று உங்கள் மாமியார் நினைக்கிறார். அவர் காலத்தில் அவருக்கு வேறு வழி சொல்லப்படவில்லை, அவரைக் குறை சொல்லாதீர்கள். ஆனால் அந்தப் பத்திரம் கதவு வரைக்கும்தான். கதவுக்கு வெளியே போக வேண்டிய நாள் எல்லாப் பெண்ணுக்கும் வரும்.

அனுப்புவதற்கு முன் மகளோடு நீங்கள் தனியாக உட்கார்ந்து பேச வேண்டிய ஒரு பேச்சு இருக்கிறது. யாராவது தொட்டால், தனியாகக் கூப்பிட்டால், "அம்மாகிட்ட சொல்லாதே" என்றால், உடனே சத்தம் போட்டு விலகி வந்து கேப்டனிடம் சொல்ல வேண்டும். கேப்டன் கேட்காவிட்டால் வீட்டுக்குப் போன் போட வேண்டும். "நீ என்ன சொன்னாலும் நாங்க நம்புவோம், உன்னைத் திட்ட மாட்டோம்" என்பதை உங்கள் வாயால் சொல்லுங்கள். முடிந்தால் அப்பாவும் சொல்லட்டும். 1098 குழந்தைகள் உதவி எண், 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். இரண்டையும் மனப்பாடம் செய்ய வையுங்கள். முகாமுக்கு அனுப்பாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் லாரி ஓட்டுகிறார் என்று படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாங்காய் லோடுக்குத் தார்ப்பாய் போட்டுக் கயிறு இறுக்குகிறாரே, அந்தக் கட்டு என்ன கட்டு என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். சாரணியர் பாடத்தில் பாதி முடிச்சுகள்தான்: ரீஃப் முடிச்சு, க்ளோவ் ஹிட்ச், போலைன் என்று அவள் பெயர் சொல்லிக் கற்றிருப்பாள். அவர் பெயரில்லாமல் கைப்பழக்கத்தில் போடுவார். ஒரு சாயங்காலம் திண்ணையில் இரண்டு பேரும் ஒரு கயிற்றோடு உட்காரட்டும். நீங்கள் அனுமதி பற்றிய பேச்சையே எடுக்க வேண்டாம். தன் மகள் கைக்கு என்ன தெரியும் என்று ஒரு அப்பா கண்ணால் பார்ப்பது, நானோ நீங்களோ பேசுவதைவிட அதிகமாகப் பேசும். மறுநாள் இரண்டு பேரும் பள்ளிக்குக் கிளம்புங்கள், மேலே சொன்ன கேள்விகளை அவரே கேட்கட்டும். தன் வாயால் கேட்டு, தன் காதால் பதில் கேட்ட பிறகும் அவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால், இந்த முறை மலை ஏற்றத்துக்கு மட்டும் காலையில் அனுப்பிச் சாயங்காலம் அழைத்துக்கொள்ள முடியுமா என்று கேப்டனிடம் கேளுங்கள். அதுவும் ஒரு தொடக்கம்தான். மகளிடம் மட்டும் காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள்: "உன்னை நம்பாம இல்லை, இந்த ஏற்பாட்டுல எங்களுக்கு இன்னும் தெளிவு வரலை." அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவள் இரண்டு நாளாகப் பேசாமல் இருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

அனுப்புவதாக முடிவானால், ஜனவரிக் குளிருக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் வையுங்கள், ராயக்கோட்டைப் பக்கம் விடியற்காலையில் நன்றாகவே குளிரும். பையை அவளே அடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். தீப்பெட்டியை இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றச் சொல்லுங்கள்.